புதுவரவுச் செடிகளும் பழந்தமிழ்ப் பெயர்களும்

ஒரு நிலத்துக்கு உரிய மலரோ பறவையோ பிறிதொரு நிலத்துப் பாட்டில் இடம்பெற்றுவிடின், அதனை வழுவெனத் தள்ளாது, வந்து சேர்ந்த நிலத்தின் பொருளாகவே வைத்து எண்ணுதல் வேண்டும் என்பது தொல்காப்பிய அகத்திணையியலின் கொள்கை. நிலந்தோறும் மரம் இது, பூ இது, புள் இது என வரையறுக்கத் துணிந்த ஆசிரியரே, அவ்வரையறையைக் கடந்து வரும் பொருளுக்கும் ஓர் இடம் வைத்துச் சென்றமை எண்ணி மகிழற்பாலது. நிலைத்திணை எனத் தமிழ்நூலார் பெயரிட்ட உயிர்வகை உண்மையில் ஓரிடத்தே நிலைத்து நிற்பதன்று. நீர்வழியும், விலங்கின் வயிற்றுவழியும், மாந்தர் கைவழியும் அஃது இடம்பெயர்ந்துகொண்டே இருக்கின்றது.

அங்ஙனம் இடம்பெயர்ந்து வந்த பயிரொன்றைப் பற்றிய நினைவு சங்க இலக்கியத்தில் உண்டு. அதியமான் நெடுமான் அஞ்சியைப் பாடிய ஔவையார், அவன் முன்னோர் கரும்பினை இந்நாட்டிற்குக் கொணர்ந்தமையை அவர்தம் அரிய செயல்களுள் ஒன்றாக வைத்துப் புறநானூற்றின் 99ஆம் பாட்டிற் போற்றுகின்றார். கரும்பு முதன்முதற் பயிரிடப்பெற்ற இடம் நியூகினித் தீவு என இக்காலத் தாவரநூலார் கூறுவர். அதியர் குடியினர் கடல்கடந்து சென்று கொணர்ந்தனரோ, அயல்நாட்டாரிடமிருந்து பெற்றனரோ என்னும் வினா ஈண்டு நமக்கு வேண்டா. கரும்பு 'வந்த பொருள்' என்னும் உணர்வு ஔவையார் காலத்தும் அழியாதிருந்தது என்பதே கருதத்தக்கது. அதற்குப் பின்னர் வந்த செடிகளுக்கு இத்தகைய பேறு வாய்த்திலது. மிளகாயைக் கொணர்ந்தவனைப் பாடிய புலவர் இலர். நிலக்கடலைக்குப் புறப்பாட்டு இல்லை. அவற்றின் வரவுக்குத் தமிழிற் பெருஞ்சான்றாக எஞ்சி நிற்பன அவற்றின் பெயர்களேயாம்.

அப்பெயர்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஆயினும் பெயராராய்ச்சி என்னும் இன்பத்திற்காக மட்டும் இதனை மேற்கொண்டோமல்லோம். புதிதாய் வந்த செடி பழைய செடியின் பெயரை மேற்கொள்ளுதலும், பெயரை இழந்த பழஞ்செடி மக்கள் நினைவினின்றும், சிற்சில இடங்களில் நிலத்தினின்றும் மறைதலும் தமிழகத்தில் நம் கண்முன்னரே நிகழ்கின்றன. இதனை உணராதார் பழம்பாட்டைப் பிழைபட உரைப்பர். மருந்தைப் பிழைபடக் கொள்வர். மரத்தைப் பிழைபட வெட்டுவர். மூன்றிற்கும் எடுத்துக்காட்டு உண்டு.

முதற்கண் 'அயற்செடி' என்பதற்கு எல்லை வகுத்துக்கொள்ளுதல் வேண்டும். எல்லையின்றிப் பின்னோக்கிச் செல்லின் நம் அடுக்களையிற் பாதிப்பொருள் அயற்பொருளாகிவிடும். புளியின் தாயகம் ஆப்பிரிக்கா; கேழ்வரகின் தாயகமும் அதுவே; ஆமணக்கும் அக்கண்டத்தினதே என்பர். இவை நமக்கு அயலானவை எனின் எந்தத் தமிழரும் நகைப்பர்; அந்நகைப்பு நேரியதே. தென்பாண்டி நாட்டிலும் ஈழத்து மன்னாரிலும் பெருமரமாய் நிற்கும் பெருக்கமரமும் ஆப்பிரிக்காவினின்றும் வந்ததாகும். அதற்குப் 'பப்பரப்புளி' என்றொரு பெயருண்டு. பப்பரம் என்பது அயல்நாடொன்றன் பெயர். புளி தன் பிறப்பிடத்தைப் பெயரிற் காட்டாது மறைத்துக்கொண்டது. பப்பரப்புளி காட்டி நிற்கின்றது. அவ்வளவே வேறுபாடு. ஆகலின், 1498இல் வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டையில் இறங்கியதன் பின்னர்க் கடல்வழி வந்தனவற்றை மட்டுமே ஈண்டு அயல்வரவாகக் கொள்வோம். அவற்றுட் பெரும்பாலன அமெரிக்கக் கண்டங்களுக்கு உரியன. எனவே, கி.பி. 1500க்கு முற்பட்ட தமிழ்நூலில் அவை இடம்பெற்றிருத்தற்கு இயைபில்லை என்னும் தெளிவும் இவ்வெல்லையாற் கிடைக்கின்றது.

வந்த செடிக்குப் பெயரிடுதலில் தமிழர் பல வழிகளைக் கையாண்டனர். அயற்சொல்லையே ஏற்றுக்கொண்டமை ஒரு வழி. அன்னாசி, பப்பாளி, கொய்யா என்பன போர்த்துக்கீசியர் நாவழி வந்த சொற்களின் தமிழ்வடிவங்கள். கொய்யா என்பதனைக் 'கொய்' என்னும் வினையடியாகப் பிறந்த தனித்தமிழ்ச் சொல்லெனக் காட்ட முயல்வாரும் உளர். அம்முயற்சியில் அன்பு மிகுதியாகவும் சான்று குறைவாகவும் காணப்படுகின்றன. பயன்பாட்டையே பெயராக்குதல் இன்னொரு வழி. புகையிலை என்பது அவ்வாறமைந்த அழகிய தொடர். அச்செடி வந்த சில நூற்றாண்டுகளுக்குள்ளேயே சீனிச்சர்க்கரைப் புலவர் அதனைத் தூது விடுமளவிற்கு நம்மவர்க்கு நெருங்கிய பொருளாயிற்று.

வந்த வழியைக் குறிக்கும் அடைமொழிகள் வரலாற்றாசிரியனுக்குப் பெரிதும் பயன்படுவன. பறங்கிக்காய் என்பது பறங்கியர் கொணர்ந்த காய் எனத் தன் கதையைத் தானே சொல்லும். கொங்குநாட்டார் அதனை அரசாணிக்காய் என்பர். பூசணியோடு சார்த்தி மஞ்சட்பூசணி என்பாரும் உளர். கொட்டைமுந்திரி மரத்தை மலையாளத்தார் பறங்கிமாவு என்பர். கடலூர், திருவண்ணாமலைப் பக்கங்களில் நிலக்கடலையை மல்லாக்கொட்டை என்றும் மல்லாட்டை என்றும் உழவர் வழங்குவர். மணிலாக்கொட்டை என்பதே அங்ஙனம் திரிந்தது. தென்னமெரிக்காவிற் பிறந்த பயிர் பிலிப்பைன் தீவுகளின் மணிலாத் துறைப்பெயரைத் தாங்கித் தமிழக உழவன் வாயில் மல்லாட்டையாகின்றது. ஈழத்திலோ அதன் பெயர் கச்சான். கோயில்களில் நின்று மணம் பரப்பும் ஈழத்தலரியும் அமெரிக்க மரமே. ஈழம் அதன் தாயகமன்று, அது தங்கிவந்த இடமாதல் கூடும். ஆகவே, இவ்வகை அடைமொழி செடியின் கடைசி வழித்தங்கலைக் காட்டுமேயன்றிப் பிறப்பிடத்தைக் காட்டாது என்பதனை மறத்தலாகாது.

'சீமை' என்னும் அடைமொழி இன்னும் பரந்தது. எல்லை, நாடு எனப் பொருள்பட்ட இச்சொல் ஐரோப்பியர் ஆட்சிக்காலத்து அவர்தம் நாட்டைக் குறித்தது. பின்னர்ப் புதியது எதனையும் குறிக்கலாயிற்று. சீமையகத்தி, சீமைப்பலா, சீமையிலுப்பை என்பவற்றுள் ஒன்றேனும் இங்கிலாந்திலோ ஐரோப்பாவின் பிற பகுதியிலோ விளைவதன்று. இவ்வடைமொழிக்கு ஒரு வாழ்நாள் உண்டு என்பதும் நாம் கண்டது. முற்காலத்தில் தக்காளி என்பது மணத்தக்காளி முதலிய சிறுகனிச் செடிகளையே குறித்தது. அமெரிக்கத் தக்காளி வந்தபொழுது அது சீமைத்தக்காளி எனப்பட்டது. பழக்கம் மிகவே சீமை உதிர்ந்தது, வெறுந்தக்காளி ஆயிற்று. இன்று ஒட்டுவிதைத் தக்காளியினின்றும் பிரித்துக் காட்டுதற்பொருட்டு அதே அமெரிக்கப் பயிரின் பழைய வகையை 'நாட்டுத்தக்காளி' எனச் சந்தையில் விலை கூறுகின்றனர். சீமையாய் வந்தது நாடாயிற்று. இதனிற் குறைகூற ஒன்றுமில்லை. தொல்காப்பியர் விதித்ததும் இதுவே. வந்தது வந்த நிலத்தினதாகிவிட்டது.

இடர்ப்பாடு தோன்றுவது பழைய பெயரைப் புதிய செடி முழுவதுமாகக் கைப்பற்றிக்கொள்ளும் இடத்திலேயாம். முந்திரி என்பது முன்னர்க் கொடிமுந்திரியையே, அஃதாவது திராட்சையையே குறித்தது. ஈழத்தமிழர் இன்றும் அதனை முந்திரிகை என்றும், கொட்டை தரும் மரத்தை மரமுந்திரிகை என்றும் பிரித்து வழங்குவர். தமிழகத்தில் மரம் கொடியினை வென்றது. சங்கநூல்களிற் கறி எனப்பட்ட மிளகின் பெயரோடு காய் என்பதனைச் சேர்த்து மிளகாய் என்றனர். அங்கு இரண்டும் பிரிந்தே நிற்றலின் மயக்கமில்லை. வள்ளியின் நிலை வேறு. பாரியின் பறம்பு உழவரின்றியே தரும் விளைபொருள்களைக் கபிலர் எண்ணுமிடத்து வள்ளிக்கிழங்கும் ஒன்று. அது மலைக்காடுகளிற் படரும் கொடியின் கிழங்கு. இன்று மாணவர்க்கு வள்ளிக்கிழங்கு என்றவுடன் நினைவிற்கு வருவன சர்க்கரைவள்ளியும் மரவள்ளியுமே. இரண்டும் அமெரிக்காவின, ஒன்று தாளிக்குடும்பத்துக் கொடி, மற்றொன்று ஆமணக்கின் உறவு. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் மரவள்ளியைத் தம் நாட்டிற் பரப்பினார் என்பது வரலாறு. அதனைப் பறம்பு மலையில் வேளிர் காலத்திலேயே நட்டுவிடும் உரைகளை நாம் கண்டிருக்கின்றோம்.

பிறரைக் குறைகூறுமுன் நம் பிழையையும் கூறிவிடுதல் முறை. ஆசிரியப் பணியேற்ற புதிதிற் குறுந்தொகையின் 174ஆம் பாட்டினை வகுப்பில் நடத்தினோம். மழை துறந்த பாலைவழியிற் கவைத்த முள்ளையுடைய கள்ளியின் காய் வெடிக்கும் ஓசைக்கு அஞ்சித் துணையோடு கூடிய புறா இரிந்தோடும் என்பது அப்பாட்டின் செய்தி. பொருள் தேடப் பிரிவான் தலைவன் எனக் கேட்ட தலைவியின் நெஞ்சத்தை அவ்வோசை ஒன்றே உணர்த்திவிடும். கள்ளி யாது எனக் கேட்ட மாணவர்க்குச் சாளரத்திற்கு வெளியே வேலியோரத்தில் நின்ற சப்பாத்திக்கள்ளியைச் சுட்டிக் காட்டினோம். புன்செய்ச் சிற்றூரினின்றும் வந்த மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, அதைக் கிள்ளினால் பால் வராது, அதன் பழமும் வெடிக்காது, நாங்கள் பறித்துத் தின்போம்" என்றார். வகுப்பு நகைத்தது. நாம் விடைகூறாது அடுத்த பாட்டிற்குச் சென்றுவிட்டோம்.

அம்மாணவர் கூற்றே முற்றும் சரியானது. சங்கப் புலவர் கண்ட கள்ளி சதுரக்கள்ளி முதலிய பாற்கள்ளி வகையைச் சார்ந்தது. அதன் முட்கள் இரண்டிரண்டாகக் கவைத்து நிற்பன. காய் மூன்று பகுப்புடையதாய் முற்றி உலர்ந்தவழி வெடித்து வித்தினைச் சிதறுவது. சப்பாத்திக்கள்ளியின் முட்களோ கொத்துக் கொத்தாக அமைவன. கனி சதைப்பற்றுடையது, வெடியாது. அதன் தாயகம் அமெரிக்கா. புலவர் கூறிய இரண்டு அடையாளங்களும், கவைமுள்ளும் காய்வெடிப்பும், நாம் காட்டிய செடியைக் கள்ளியன்று என விலக்கிவிடுகின்றன. பாட்டின் உயிரே அவ்வோசையில் இருத்தலின், வெடியாத கனியை அங்கு வைத்தால் புறா ஓடுதற்குக் காரணமின்றிப் பாட்டு வீழும்.

இச்செடியின் பெயரும் வரவும் தனித்தனியே சுவையுடையன. சப்பாத்திக்கள்ளி என்றும் சப்பாத்துக்கள்ளி என்றும் இருவடிவம் வழங்குகின்றன. சப்பாத்து என்பது போர்த்துக்கீசிய மொழியினின்றும் வந்து, ஈழத்தமிழில் இன்றும் மூடுகாலணியைக் குறிக்கும் சொல். தட்டையான அத்தண்டு அடிசுவட்டுத் தோல் போன்றிருத்தலின் இவ்வடிவமே பழையதாதல் கூடும் என்பது நம் கருத்து. உணவாகிய சப்பாத்தி பின்னர் வந்து புகுந்திருக்கும். நாகதாளி என்னும் பெயரும் உண்டு. 18ஆம் நூற்றாண்டின் இறுதியிற் கிழக்கிந்தியக் கும்பினியின் மருத்துவராகச் சென்னையிலிருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் என்பார், இவ்வினத்துச் செடிகளை வளர்க்கும் தோட்டம் ஒன்றைச் சைதாப்பேட்டையில் அமைத்தார். இச்செடியில் வாழும் கொச்சினீல் பூச்சியினின்றும் எடுக்கப்படும் செஞ்சாயத்திற்கு அக்காலத்தில் ஐரோப்பாவிற் பெருவிலை இருந்தது. 1795இற் பிரேசிலினின்றும் கல்கத்தாவிற்குப் பூச்சி கொணரப்பட்டது. அது சாயத்திற்குச் சிறந்த இனமன்று; ஆனால் செடியை உண்ணுவதில் தளராத இனம். சாயத்தொழில் நிலைபெறவில்லை, பூச்சி நிலைபெற்று, தன் இரையாகிய நாகதாளி வகையொன்றை அழித்தது. அப்பூச்சி தொடாத வேறொரு வகை பின்னர்த் தென்னாட்டு மேய்ச்சல் நிலங்களை மூடியபொழுது, அதற்குரிய பூச்சியினத்தை 1926இல் இலங்கையினின்றும் தருவித்து விட்டனர். சில ஆண்டுகளில் அப்புதர்கள் பெரும்பாலும் மாண்டன. அயற்செடியை அயற்பூச்சி கொண்டு அடக்கிய முயற்சிகளுள் உலகிலேயே மிகப் பழையன இவை. நம் வகுப்பறை வேலியில் நின்றது அங்ஙனம் எஞ்சியவற்றுள் ஒன்றாதல் வேண்டும்.

நாகதாளிக்கு நேர்ந்த முடிவு சீமைக்கருவேலத்திற்கு நேரவில்லை. 1877ஆம் ஆண்டில் ஜமைக்காத் தீவினின்றும் விதை தருவித்து, அக்காலச் சென்னை மாகாணத்தைச் சார்ந்த கடப்பைப் பகுதியில் விதைத்தனர். நாடு விடுதலை பெற்ற பின்னரே அம்மரம் முதன்முதல் வந்தது என மேடைகளிற் பேசப்படுவது பொருந்தாது. பரவுதல் பின்னர் விரைந்ததே உண்மை. வறண்ட நிலத்திற்கு விறகும் வேலியும் தரும் மரமென விரும்பியே வளர்த்தனர். இனிய சதையுடைய அதன் நெற்றினை ஆடுமாடுகள் விரும்பித் தின்னும். வித்து அவற்றின் வயிற்றில் அழியாது, எருவோடு வெளிப்பட்டு முளைக்கும். எங்கெல்லாம் மேய்ச்சல் சென்றதோ அங்கெல்லாம் மரமும் சென்றது. இராமநாதபுரம் முதலிய மாவட்டங்களிற் கண்மாய்களின் உட்புறமும் தரிசும் அதன் ஆட்சிக்குள்ளாயின. ஆயினும், அம்மாவட்டத்தில் மூட்டம் போட்டுக் கரி சுட்டுப் பிழைக்கும் ஏழைக்குடிகள் பலர்க்கு அதுவே சோறு என்பதனையும் கூறாது விடுதல் நேர்மையாகாது. 2017இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதனை அகற்றுமாறு ஆணையிட்டது. 2022இல் தமிழ்நாட்டரசு அயற்செடிகளின் பரவலைத் தடுத்தற்கெனத் தனிக்கொள்கையொன்றை வெளியிட்டது.

தாவரநூல் நோக்கின் இம்மரம் வேலமன்று, வன்னியின் உறவினது. இரண்டையும் ஒரே பேரினத்துள் வைத்திருந்தனர். 2022இலேதான் அறிஞர் சிலர் அமெரிக்க வகைகளைப் பிரித்து வேறு பேரினமாக்கினர். நூலறிந்தார் பெயரிட்டிருப்பின் சீமைவன்னி என்றிருப்பர். மக்களோ முள்ளையும் இலையையும் கண்டு கருவேலத்தோடு சார்த்தினர். கோயில்தோறும் வழிபடப்பெறும் வன்னியின் பெயரை இதற்கு இட அவர்தம் மனம் ஒருப்படாமையும் காரணமாகலாம். வேலிக்கருவை, வேலிக்காத்தான், டெல்லிமுள் எனப் பிற பெயர்களும் உள. இவற்றுட் 'சீமைக்கருவேலம்' என்பதே அச்சிலும் ஆணைகளிலும் நிலைத்தது. தக்காளிக்கு நிகழ்ந்ததே இதற்கும் நிகழ்ந்தது. சீமை என்பது மெல்ல உதிர்கின்றது. 'கருவேல மரங்களை அழிப்போம்' எனச் சுவரில் எழுதுகின்றனர். செய்தித்தாள் தலைப்பிலும் அவ்வாறே வருகின்றது. உண்மைக் கருவேலத்தைக் குறிக்க வேண்டின் 'நாட்டுக்கருவேலம்' என அடைகொடுத்துக் கூற வேண்டிய நிலை வந்துவிட்டது. வந்தவன் வீட்டுப்பெயரைக் கொள்ள, வீட்டுக்குரியவன் தன்னை இன்னாரெனத் தெரிவித்து நுழைய வேண்டியதாயிற்று.

இது சொல்லளவில் நின்றுவிடும் இழப்பன்று. சில ஆண்டுகளுக்கு முன்னர்த் தென்மாவட்டச் சிற்றூர் ஒன்றிற் சீமைக்கருவேலம் அகற்றும் பணி நடந்துகொண்டிருந்தபொழுது அவ்வழிச் செல்ல நேர்ந்தது. வெட்டிக் குவித்தவற்றின் இடையே மூன்று பெருமரங்கள் வேறுபட்டுத் தோன்றின. உருண்டையான மஞ்சட்பூக்கள் வாடாமற் கிளையில் இருந்தன. காய்கள் மணிகோத்தாற்போல் இடையிடையே ஒடுங்கியிருந்தன. சீமைக்கருவேலத்தின் பூவோ நீண்ட கதிராய் அமைவது. அதன் நெற்று அங்ஙனம் ஒடுங்குவதில்லை. ஐயமேயில்லை, அவை நாட்டுக்கருவேலம். பணியாளரை வினவியபொழுது, "கருவேல மரம் எல்லாத்தையும் எடுக்கச் சொன்னாங்க ஐயா, இதுவும் கருவேல மரம்தானுங்களே" என்றார். அவர் கூறியதில் மொழிப்பிழை ஒன்றும் இல்லை. ஏர்க்கலப்பைக்கும் வண்டிக்கும் உறுதியான மரமும், தோல் பதனிடுதற்குப் பட்டையும், பல் துலக்கக் குச்சியும் தந்து, ஆலமரத்தோடு வேலமரத்தையும் இணைத்துக் கூறும் பழமொழியால் நினைக்கப்படும் அம்மரம், தன் பெயர் காரணமாகவே வெட்டுண்டது.

நீலகிரியிலும் இதனையொத்த நிலை உண்டு. ஆத்திரேலியாவினின்றும் 19ஆம் நூற்றாண்டிற் கொணர்ந்த மரங்களுள் ஒன்றனை அங்குள்ளார் கற்பூரமரம் என்பர். வேற்றின மரமொன்றைச் சீகை என்பர். சீகை என்பது கூந்தல் கழுவும் சீயக்காய்க் கொடியின் பெயர். இப்புதுச்சீகை புல்வெளிகளிற் பரவி, பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை பூக்கும் குறிஞ்சிக்கு உரிய நிலத்தைச் சுருக்கிவிட்டது. 2018இற் பூத்த குறிஞ்சியைக் காணச் சென்றபொழுது, ஒரு திணைக்கே பெயர்தந்த செடி சரிவுகளில் இடம் இழந்து நிற்கக் கண்டோம். முதுமலைக் காட்டின் அடிநிலத்தில் உண்ணிச்செடி மண்டியிருத்தலும் அத்தகையதே. அது பற்றி வனத்துறையினர் விரிவாக எழுதியுள்ளமையின் ஈண்டு விரிக்கவில்லை.

மருத்துவ நூல்களிற் பெயர்மயக்கம் மேலும் நுண்ணியது. ஆகாயத்தாமரை என்பது நீர்மேல் வேர் தொங்க மிதக்கும், மெல்லிய இலைக்கொத்துடைய சிறுசெடி. சித்த மருத்துவர்க்கு அது சரக்கு. அமேசான் ஆற்றுநாட்டினின்றும் வந்த வேறொரு மிதவைச்செடி, ஊதாப்பூவும் வெங்காயம் போற் பருத்த இலைக்காம்பும் உடையது, நம் ஏரி குளங்களை இன்று மூடி நிற்கின்றது. வெங்காயத்தாமரை என்னும் பொருத்தமான பெயர் அதற்கு உண்டு. இருந்தும் ஆகாயத்தாமரை என்றே பலர் எழுதுகின்றனர். தருக்கநூலார் இல்பொருளுக்கு எடுத்துக்காட்டிய ஆகாயத்தாமரை, ஒரு செடிக்குப் பெயராகி, அதனினின்றும் மற்றொன்றற்குப் பெயர்ந்த விந்தை இது. பெயரை மட்டும் நம்பிக் குளத்தில் இறங்குவார் எந்தச் செடியைக் கொணர்வர்?

பிரமதண்டு காட்டும் சிக்கல் வேறுவகையினது. மஞ்சட்பூவும் முள்ளிலையும் உடைய இச்செடியின் தாயகம் மெக்சிகோ. இதனைக் குடியோட்டிப்பூண்டு என்றும் வழங்குவர். இதன் விதைநெய் கடுகெண்ணெயிற் கலந்தமையால் 1998இல் தில்லியிற் பலர் வீக்கநோயுற்று மாண்டனர். சித்தர் பெயரால் வழங்கும் மருந்துநூல் ஒன்றிற் பிரமதண்டு வருமாயின், இரண்டிலொன்று கொள்ளல் வேண்டும்: அப்பகுதி 16ஆம் நூற்றாண்டிற்குப் பிற்பட்டது, அன்றேல் அப்பெயர் முன்னர் வேறொரு செடிக்கு உரியதாயிருந்தது. புகையிலையைக் குறிக்கும் பகுதியாயின் இரண்டாவது வழிக்கும் இடமில்லை. நூற்காலம் காண்பார் மொழிநடையையே நோக்கிச் சொற்போர் புரிகின்றனர். செடிகளையும் சான்றுக்கு அழைத்தல் நன்று.

இனி, தோற்றத்தில் முற்றும் நாட்டுப்பெயராய் இருந்து ஏமாற்றுவன சில. காயத்திற்குக் கசக்கிப் பிழியும் வெட்டுக்காயப்பூண்டு, பாட்டியர் கைமருந்து எனப் போற்றப்படுவது, நடு அமெரிக்காவினது. நித்தியகல்யாணி மடகாசுகர்த் தீவினது. எல்லாவற்றினும் வியப்புடையது நெய்வேலிக் காட்டாமணக்கு. காவிரிப் பாசன வாய்க்கால்களை அடைத்து நிற்கும் இதன் தாயகம் தென்னமெரிக்கா; நெய்வேலி அன்று. இது காட்டாமணக்கும் அன்று, காட்டாமணக்கோ அமெரிக்காவினது, அதற்குப் பெயரீந்த ஆமணக்கோ ஆப்பிரிக்காவினது. உண்மையில் இச்செடி, நெய்தல் மணலிற் படர்ந்து சங்கப்பாட்டிற் பூக்கும் அடும்பின் பேரினத்தது. அடும்பினைப் பாடிய புலவர் இதனைக் கண்டிருப்பின் பூவைக் கொண்டே உறவு தெரிந்திருப்பர் என எண்ணுகின்றோம். நாம் இலையைப் பார்த்து ஏமாந்தோம்.

செடியறிவும் சொல்லறிவும் ஒருவரிடத்தே கூடியிருந்த காலமும் உண்டு. 1776இல் தரங்கம்பாடிக்கு வந்த இராட்லர் என்னும் பாதிரியார் தென்னாட்டுச் செடிகளைத் தேடித் தொகுத்தவர். அவரே பெருந்தமிழ் அகராதி ஒன்றையும் தொகுத்தார். அது 1834 முதல் 1841 வரை, அவர் மறைவிற்கு முன்னும் பின்னுமாக அச்சாயிற்று. பின்னர் இவ்விரு துறையும் பிரிந்துவிட்டன. 1915இல் வெளிவரத் தொடங்கி 1936இல் முற்றுப்பெற்ற கேம்பிள், பிஷர் ஆகியோரின் சென்னை மாகாணத் தாவர நூலில் தமிழ்ப்பெயர்கள் உரோமன் எழுத்தில் உள்ளன. ல, ள, ழ வேறுபாடு அங்குத் தெளிவாகத் தெரிவதில்லை. அதே காலத்தில் தொகுக்கப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி செடிப்பெயர்களுக்கு இலத்தீன் பெயர் தந்து உதவுகின்றது. எப்பெயர் எவ்வூர் வழக்கு என்பது அதனாற் பெரும்பாலும் அறியக்கூடவில்லை.

ஆகலின், துறை மாணவர் சிலரைக்கொண்டு ஊர்தோறும் செடிப்பெயர் குறிக்கும் சிறுபணியைத் தொடங்கினோம். செடியின் கிளையையும், பெயர் சொன்னாரின் அகவையையும் தொழிலையும் உடன் குறித்தல் வேண்டும் என்பது ஒன்றே நாம் வகுத்த விதி. வெறும் பெயர்ப்பட்டியலால் மயக்கம் பெருகுமேயன்றித் தீராது. சங்கநூல் உரைகளிலும் கள்ளி, வள்ளி, உடை, வேல் என வருமிடத்து 'ஒருவகை மரம்' என எழுதி அமையாது, இன்று அப்பெயர் கொண்ட அயற்செடி இதுவன்று என ஒரு வரி சேர்த்தல் வேண்டும் எனப் பதிப்பாளரைக் கேட்டுக்கொள்கின்றோம்.

சென்ற ஆண்டு முகவைப் பகுதிக்குச் சென்ற மாணவியர் குறிப்பில் ஒரு செய்தி உள்ளது. ஆடு மேய்க்கும் மூதாட்டி ஒருவரிடம் வேலமரம் எது எனக் கேட்டனர். அவர் கண்மாய்க்குள் தனித்து நின்ற பழைய கருவேலத்தைக் காட்டினார். உடனிருந்த அவர் பெயரன், "அது இல்லை ஆத்தா, இதுதான் வேலமரம்" எனச் சாலையோரத்துச் சீமைப்புதரைக் காட்டினான். மூதாட்டி அப்புதருக்குச் சொன்ன பெயர் வேலிக்காத்தான். பழைய மரத்திற்குப் பெயரனிடம் பெயர் இல்லை. இருவர் கூற்றையும் அகவையோடு குறித்து வந்துள்ளனர்.